கணக்கில் ஏறாத வருஷங்கள்

அயல்நாட்டுப் பிரயாணத்தைப் பற்றி எழுதப் புகுகிறவர்கள், கோபுரங்களையும் பாலங்களையும் கண்காட்சிச் சாலைகளையும் வர்ணித்து ஓய்ந்த பிறகு, மிச்சமிருக்கும் இடத்தில் அந்தந்த நாட்டு ஸ்திரீகளின் உடை, நாகரிகம், சுதந்திரம் ஆகியவற்றைக் குறித்து இரண்டொரு அபிப்பிராயங்களைச் சொல்லி முடிப்பது நம்மவரிடையே நெடுநாளாக ஒரு சம்பிரதாயமாகவே இருந்து வருகிறது. எனக்கு அந்தச் சம்பிரதாயத்தை அனுசரிக்கும் பாக்கியம் வாய்க்கவில்லை. ஆம்பூர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் குவாலிட்டி பிரிவில் உத்தியோகம் பார்த்தவனாகையால், நான் கடல் கடந்து போனதெல்லாம் பசை விட்டுப்போகிறதா, தையல் பிரிகிறதா, சாயம் காலுறையில் ஒட்டுகிறதா என்ற விசாரணைகளின் நிமித்தமே. நான் பார்த்த ஊர்கள் பலவற்றை உல்லாசப் பிரயாணிகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. நான் சந்தித்த பெண்களும், அநேகமாக எல்லோருமே, ஷூவுக்கு மேல்பாகம் தைக்கிறவர்கள், அல்லது ஒரு காலத்தில் தைத்தவர்கள்.

உத்தியோகத்திலிருந்து விலகி மாதனூரில் வந்து உட்கார்ந்துவிட்ட இந்த நாட்களில் அந்தப் பெண்களின் ஞாபகம் அடிக்கடி வருகிறது. அவர்கள் ஒவ்வொருவரும், ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில், நான் கேட்டோ கேளாமலோ, ஒரே கணக்கை என்னிடம் ஒப்பித்திருக்கிறார்கள் என்பதையும் இப்பொழுதுதான் கோத்துப் பார்க்கிறேன். தான் வேலை செய்த வருஷங்கள் எத்தனை, அவற்றுள் காகிதத்தில் ஏறியவை எத்தனை என்ற கணக்கு அது. இந்தப் பதிவு முழுக்க அதைப் பற்றியதுதான்; ஊர் வர்ணனையை எதிர்பார்த்து வந்தவர்கள் பொறுத்தருள வேண்டும்.

எங்கள் ஊரை அறியாதவர்களுக்காக மாத்திரம் ஒரு வார்த்தை. வேலூரிலிருந்து பெங்களூருக்குப் போகும் நெடுஞ்சாலையில், பள்ளிகொண்டாவைத் தாண்டி, ஆம்பூருக்கு முன்னால், குடியாத்தத்துக்குச் சாலை பிரியும் இடத்தில், பாலாற்றங்கரையில் இருக்கிறது மாதனூர். ஆற்றில் தண்ணீர் ஓடுவது அபூர்வம், ஓடினால் விபரீதம். 2021 நவம்பர் வெள்ளம் இங்கிருந்த தரைப்பாலத்தை அடித்துக்கொண்டு போய்விட, ஆற்றுக்கு அக்கரையிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் ஊரைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியதாயிற்று. விடியற்காலையில் சாலையோரம் நின்று பார்த்தால் இந்தப் பிரதேசத்தின் ஜீவனோபாயம் இன்னதென்று விளங்கிவிடும்: கையில் டிபன் பாக்ஸும் தலையில் கனகாம்பரமுமாகப் பெண்கள் கூட்டம் கூட்டமாகக் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருப்பார்கள்.

என் பாட்டனார் காலத்தில் இது பெரும்பாலும் ஆண்களின் தொழிலாக இருந்தது. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் பதனிட்ட தோல் லண்டன் சந்தைக்குக் கப்பலேறிய அந்த நாட்களில், சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்தவர்கள் ஆண்கள். தோலைப் பாதி பதனிட்ட நிலையிலேயே ஏற்றுமதி செய்வதற்கு 1970களில் மத்திய சர்க்கார் வரம்பு கட்டி, முற்றிலும் பதப்படுத்திய தோலாகவும், அதைவிட உசிதமாக ஷூவாகவும் அது வெளியே போகட்டும் என்று ஊக்கம் கொடுத்த பிறகு, தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் முளைத்தன. ஷூ வந்ததும் பெண்கள் வந்தார்கள். தோல் ஷாப்புக் கழிவினால் பாலாற்றுக்கு நேர்ந்த கதியைக் குறித்து 1996இல் உச்ச நீதிமன்றம் பிரசித்தமான தீர்ப்பொன்றை எழுதிற்று. பெண்களின் வருகையைப் பற்றி அவ்வளவு விஸ்தாரமான ஆவணம் எதையும் நான் பார்த்ததில்லை.

ஒரு ஷூவுக்குள் இருக்கும் வேலைப் பங்கீட்டையும் சொல்லிவிடுகிறேன். தோலை வெட்டுவதும், தைத்து முடித்த அப்பரை, அதாவது மேல்பாகத்தை, அச்சின்மேல் ஏற்றி இழுத்து அடிப்பாகத்தோடு சேர்ப்பதும் பெரும்பாலும் ஆண்கள் செய்பவை. நடுவில் இருக்கும் யாவும், அதாவது ஓரத்தைச் சீவி மெல்லிதாக்குவது, சொல்யூஷன் தடவி மடிப்பது, துண்டுக்குத் துண்டு பொருத்தி மெஷினில் தைப்பது ஆகிய நேரம் பிடிக்கும் வேலைகள், பெண்களுடையவை. இந்தப் பங்கீடு ஆம்பூரில் இருப்பதே ஸ்பெயினிலும், அதுவே ஜெர்மனியிலும், அதுவே வியத்நாமிலும். மதம் வேறு, பாஷை வேறு, சீதோஷ்ணம் வேறு. தையல் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவள் மட்டும் எங்கும் ஒரு பெண்.

ஸ்பெயின் தேசத்தின் கிழக்குக் கரையோரம், அலிகாந்தே மாகாணத்தில், எல்ச்சே என்று ஒரு நகரம் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பேரீச்ச மரங்கள் கொண்ட தோப்பு அந்த நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. அரபு வம்சத்தார் அந்நாட்டை ஆண்ட காலத்தில் வாய்க்கால் வெட்டி வளர்த்த அந்தத் தோப்பை 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. என்னோடு துபாஷியாக வந்த இளம்பெண் தோப்பைக் காட்டிய கையோடு, "என் பெரியம்மா உங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார், அவரும் உங்கள் தொழில்தான்" என்று சொல்லி, நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடிக்கு அழைத்துப் போனாள்.

சமையலறைக்குப் பின்னால் இருந்த பால்கனியைக் கண்ணாடி வைத்து அடைத்துச் சிறு அறையாக்கியிருந்தார்கள். அதற்குள், ஒற்றைக் கம்பத்தின்மேல் வைத்துத் தைக்கிற, ஷூவுக்கென்றே ஏற்பட்ட பழைய மெஷின். பக்கத்தில் பசை டப்பா. அதற்கும் பக்கத்தில், பேரனுடைய பள்ளிப் புஸ்தகங்கள். அறுபதைக் கடந்த அந்த அம்மாள் எனக்குக் காபி கொடுத்த பின் முதலில் கேட்டது, என் காலில் இருந்த ஷூவைக் கழற்றித் தரமுடியுமா என்பதைத்தான். அது ஆம்பூரில் எங்கள் கம்பெனியிலேயே தயாரானது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கணுக்காலைச் சுற்றி வரும் மேல் ஓரத்தில் கட்டைவிரலை ஓடவிட்டார். தையலுக்கும் விளிம்புக்கும் இடையேயுள்ள அகலம் வளைவிலும் மாறாமல் இருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும். விரல்நுனி அகலத்துக்குள் எத்தனை தையல் விழுந்திருக்கிறது என்று உதடசைய எண்ணினார். பின்னால் குதிகாலில் இரண்டு பக்கத் தோலும் சேரும் இடத்தில், நூல் முடிந்து திரும்பிய இரண்டு தையலைக் கண்டுபிடித்து, தலையை ஆட்டினார். வாடிக்கைக் கம்பெனிகளிலிருந்து வருகிற எந்த இன்ஸ்பெக்டரும் அவ்வளவு நிதானமாகப் பார்த்து நான் கண்டதில்லை. "இதைத் தைத்தவள் கைகாரி. அவளுக்கு என்ன கொடுக்கிறார்கள்?" என்றார்.

நான் சொன்னேன். துபாஷிப் பெண் அதை யூரோவாக மாற்றிச் சொன்னாள். அந்த அம்மாள் அதற்குப் பதில் சொல்லாமல், தன் கணக்கை ஆரம்பித்தார். பதின்மூன்றாம் வயதில் தாயாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நூல் அறுக்கத் தொடங்கியவர். கலியாணத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் சில வருஷம். குழந்தை பிறந்த பிறகு வீட்டிலேயே, ஏறக்குறைய நாற்பது வருஷம். வேன் வந்து பெட்டி இறக்கும், தைத்த ஜோடிக்கு இவ்வளவு என்று காசு, ரசீது கிடையாது. சமூகக் காப்பீட்டில் அவர் பெயருக்குப் பதிவான வருஷங்கள் ஏழு. அந்நாட்டுச் சட்டப்படி, சந்தா கட்டி உபகாரச் சம்பளம் பெறுவதற்குக் குறைந்தபட்சம் பதினைந்து வருஷம் வேண்டும். கணவர் சம்பாதித்து வைத்ததில் ஜீவனம் நடக்கிறது. "நான் சம்பாதித்ததில் நடப்பதாக எந்த இடத்திலும் எழுதியில்லை" என்று அவர் சொன்னதை அந்தப் பெண் இரண்டு தடவை மொழிபெயர்த்தாள்.

இது ஒருத்தியின் கதையன்று. 1977இல் அந்த மாகாணத்துக் காலணித் தொழிலாளர் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுத் தாங்களே தீர்மானித்துப் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பின்வந்த வருஷங்களில் தையல் வேலையில் கணிசமான பங்கு, தொழிற்சாலைச் சுவரைத் தாண்டி வீடுகளுக்கும் பெயர்ப்பலகை இல்லாத பட்டறைகளுக்கும் பரவிவிட்டது. பசையில் கலந்த ஹெக்ஸேன் ஆவியால் கை கால் மரத்துப்போன தொழிலாளர் சரித்திரமும் அந்தப் பிரதேசத்துக்கு உண்டு. அங்கே மேல்பாகம் தைக்கிற பெண்களுக்கு அபரதோரா என்று பெயர். 2018இல் எல்ச்சே அபரதோராக்கள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். கடந்துபோன வருஷங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கைகளில் முக்கியமானது.

ஸ்பெயினிலிருந்து திரும்பிய வாரத்தில் என் தமக்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கம்பெனிக்குப் போனவரல்லர். மொக்காசின் என்கிறோமே, முன்புறத்தில் தடித்த நூலால் சுருக்கிட்டாற்போல் தைத்திருக்கும் ஷூ, அதற்கு மெஷின் உதவாது. ஓட்டை போட்ட அப்பர்களை ஏஜெண்டு மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார். வீட்டுத் திண்ணையிலும் வாசலிலும் உட்கார்ந்து பெண்கள் கையால் கோத்துக் கொடுப்பார்கள். இரண்டு ஊசிகள், மெழுகு தடவிய நூல். ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு பக்கத்திலிருந்தும் நுழைத்து, இரண்டு கையையும் அகல விரித்து இழுத்தால்தான் சுருக்கு ஒரே அளவாக விழும். நூல் பதிந்து இழுபடும் இடத்தில் ஆள்காட்டி விரலின் ஓரம் வெட்டிப் பிளந்து ஆறி மறுபடி பிளக்கும். தமக்கையார் அங்கே சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக்கொள்வார். ஆம்பூர் வட்டாரத்தில் இப்படித் தைக்கிற பெண்களைப் பற்றி 2016இல் ஓர் ஆய்வறிக்கை வெளியாயிற்று. ஜோடிக்குப் பத்து ரூபாயை ஒட்டியே கூலி கிடைப்பதாக அது சொல்லிற்று. சீமையில் அதே ஷூவின் விலை எத்தனை ஆயிரம் என்பதை நான் இங்கே எழுதத் தேவையில்லை.

எல்ச்சே அம்மாளின் கதையைச் சொல்லி, "அக்கா, நீ இத்தினி வருசமா தெச்சியே, எங்கனா எழுதி வெச்சிருக்கியா?" என்று கேட்டேன்.

"எழுதி இன்னா பண்ணப் போற தம்பி? ஜோடி எண்ணிக் குடுத்தா காசு எண்ணிக் குடுக்கிறான். அத்தோட முடிஞ்சிது."

செல்போனில் படத்தைக் காட்டினேன். அந்த அம்மாளின் முகத்தை விட்டுவிட்டு மெஷினையே உற்றுப் பார்த்தார். "அவளுக்கு முதுவு நோவும், எனக்கு விரலு" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜோடியை எடுத்துக்கொண்டார்.

வீட்டில் இருந்தபடி செய்யும் கூலிவேலையும் வேலைதான், அதைச் செய்கிறவரும் மற்றத் தொழிலாளரோடு சமமானவரே என்று சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1996இல் ஜெனிவாவில் 177ஆம் எண்ணுள்ள உடன்படிக்கையை நிறைவேற்றியது. ஸ்பெயின் அதை 2022இல் ஏற்றுக்கொண்டது, எல்ச்சே அம்மாளுக்குக் காலங்கடந்து. இந்தியா இன்னும் ஏற்கவில்லை.

ஜெர்மனியில் பிர்மாஸென்ஸ் என்ற ஊருக்கு ஷூப் பரிசோதனை சம்பந்தமாகப் போயிருக்கிறேன். அந்த ஊரின் பூர்வோத்தரம் ரசமானது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு சிற்றரசன், பட்டாளத்தின்மேல் கொண்ட மோகத்தால், அங்கே ஒரு படைவீட்டையே ஸ்தாபித்தான். 1790இல் அவன் இறந்ததும் பட்டாளம் கலைந்தது. ஊர் பட்டினியில் விழுந்தது. வேலையிழந்தவர்கள் கிடைத்த துணியையும் தோலையும் கொண்டு வீட்டுச் செருப்பு தைக்க, அதைக் கூடையில் சுமந்து ஊர் ஊராகவும் நாடு நாடாகவும் கால்நடையாகப் போய் விற்று வந்தவர்கள் அந்த ஊர்ப் பெண்கள். ஒரு நகரத்தின் தொழிலையே நடந்து உண்டாக்கிய அந்த ஸ்திரீகளைத்தான் நான் அறிந்தவரையில் சரியான அயல்நாட்டுப் பிரயாணிகள் என்று சொல்வேன்.

அவ்வூரில் எனக்கு அறிமுகமான முன்னாள் தையற்காரி ஒருவர், தனக்கு உபகாரச் சம்பளம் நிர்ணயித்து வந்த காகிதக் கட்டை மேஜை இழுப்பறையிலிருந்து எடுத்துக் காட்டினார். அவருடைய ஆயுள் அதில் வரி வரியாக அச்சாகியிருந்தது: இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை தொழிற்சாலை, இன்ன காலம் வேலையின்மை, இன்ன காலம் குழந்தை வளர்ப்பு. குழந்தை வளர்த்த காலத்தையும் உபகாரச் சம்பளக் கணக்கில் சேர்ப்பதை அந்நாட்டார் 1986இல் தொடங்கினார்கள். 1992க்கு முன் பிறந்த குழந்தைக்கு ஒரு வருஷம் என்று இருந்ததை 2014இல் இரண்டாக்கி, 2019இல் இன்னும் அரை வருஷம் கூட்டினார்கள். அதனால் அந்த அம்மாள் பரம திருப்தியோடு இருந்தார் என்று நினைத்துவிட வேண்டாம். தொகை போதவில்லை என்றும், தான் வேலை செய்த கம்பெனி மூடிப்போனதற்கு எங்களைப் போன்ற ஊர்களே காரணம் என்றும் முகத்துக்கு நேரே, சிரித்துக்கொண்டே, சொன்னார். ஆனாலும் அவருக்குத் தம் வாழ்வைப் பற்றிச் சண்டை போட ஒரு காகிதம் இருந்தது.

வியத்நாம் விஷயம் வேறு மாதிரி. சைகோன் நகரத்தின் மேற்கே பின் தான் வட்டாரத்தில் இருக்கும் மிகப் பெரிய ஷூத் தொழிற்சாலையில் 2015 மார்ச்சு மாதக் கடைசியில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், மெஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள். கூலி உயர்வு அவர்களுடைய பிரச்சினையன்று. வேலையை விட்டு நின்றவர் தம் காப்பீட்டுப் பணத்தை மொத்தமாக எடுத்துக்கொள்ளும் உரிமையைப் புதிய சட்டத்தின் 60ஆம் பிரிவு பறித்து, கிழவியான பிறகு உபகாரச் சம்பளமாக வாங்கிக்கொள் என்றது. வேலைநிறுத்தத்துக்குச் சர்க்கார் பணிந்தது. அந்த ஜூனில் தேசியப் பேரவை பழைய உரிமையைத் திருப்பிக் கொடுத்தது.

பின்னொரு சமயம் அந்தப் பக்கம் போனபோது நான் பேசிய பெண், மேகாங் ஆற்றுக் கழிமுகத்தில் தென்னைக்குப் பேர்போன பென் த்ரே மாகாணத்திலிருந்து வந்தவள். வரிசை வீட்டில் ஒற்றை அறை வாடகைக்கு. பிள்ளை ஊரில் பாட்டியிடம். உபகாரச் சம்பளம் வேண்டாம் என்று ஏன் தெருவுக்கு வந்தீர்கள் என்று கேட்டதற்கு, ஐம்பத்தைந்து வயது வரையில் எந்த முதலாளி எங்களை மெஷினில் உட்காரவிடுவான் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அப்போதைய சட்டப்படி இருபது வருஷம் சேர்ந்தால்தான் மாதச் சம்பளம் கிடைக்கும். நாற்பது வயதில் கண் மங்கி வெளியே வருகிறவளுக்கு, கையில் கிடைக்கும் மொத்தப் பணமே ஒரு சிறு கடை; கிடைக்காத இருபதாம் வருஷத்தில் என்ன இருக்கிறது?

அந்த வேலைநிறுத்தத்துக்கு அடுத்த வருஷமே, 2016 ஏப்ரலில், எங்கள் நெடுஞ்சாலையின் மறுகோடியில் பெங்களூரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலைப் பெண்கள் பிராவிடண்ட் பண்டை எடுப்பதற்கு விதித்த தடையை எதிர்த்துச் சாலையை மறித்தார்கள். இரண்டாம் நாளே மத்திய சர்க்கார் உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டது. படித்தவர்கள் சிலர் அப்பொழுது பத்திரிகையில், வருங்காலத்தை அறியாத பேதைகள் என்று அவர்களுக்காக இரங்கினார்கள். எனக்கு அந்த இரக்கத்தில் சம்மதமில்லை. தன் கம்பெனி தன்னை எத்தனை நாள் வைத்துக்கொள்ளும் என்பதைத் தையற்காரி அறிவாள். சர்க்கார் வகுக்கும் திட்டங்களோ அவள் இருபதிலிருந்து அறுபது வரை இடைவிடாமல் வேலை பார்ப்பாள் என்ற பாவனையில் எழுதப்படுகின்றன. வியத்நாம் சர்க்கார் பிற்பாடு யோசித்து, இருபது வருஷம் என்பதை 2025 ஜூலையிலிருந்து பதினைந்தாகக் குறைத்தது. பென் த்ரே பெண்ணின் கேள்விக்கு அது பாதி பதில்.

நம் தேசத்தில் 1995ஆம் வருஷத்துப் பென்ஷன் திட்டப்படி பத்து வருஷம் போதும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது. ஆம்பூர்ப் பக்கத்தில் நடப்பது என்னவென்றால், பத்தொன்பது வயதில் கம்பெனிக்குப் போகிறவள் இருபத்து மூன்றில் கலியாணத்துக்காக நிற்கிறாள், பி.எஃப். பணமும் பென்ஷன் பங்கும் சேர்த்து எடுத்து, அது ஒரு சவரனாகவோ மண்டப வாடகையாகவோ மாறுகிறது. குழந்தை நடக்கத் தொடங்கியதும் வேறு கம்பெனியில் புதிதாகச் சேர்கிறாள், மாமியார் படுக்கையில் விழுந்தால் நிற்கிறாள், மறுபடியும் எடுக்கிறாள். முப்பத்தெட்டு வயதில் அவள் உண்மையில் உழைத்தது பன்னிரண்டு வருஷம். ஆனால் பணம் எடுத்த ஒவ்வொரு தடவையும் முந்தைய வருஷங்கள் துடைக்கப்பட்டுவிடுவதால், பென்ஷன் கணக்கில் இரண்டோ மூன்றோதான் மிச்சம். எல்ச்சே அம்மாளின் வருஷங்களை அவருடைய முதலாளிகள் எழுதாமல் விட்டார்கள். இங்கே எழுதிய வருஷங்களை அவசரச் செலவு அழிக்கிறது.

ஆகையால் இதைப் படிக்கிற நம் பக்கத்து வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் வீட்டிலோ தெருவிலோ கம்பெனியை விட்டு நிற்கிற பெண் இருந்தால், அவளுடைய பி.எஃப். கணக்குக்குரிய யூ.ஏ.என். எண்ணை ஒரு தாளில் எழுதிப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். வேறு கம்பெனியில் சேரும்போது புது எண் வாங்காமல் அதையே கொடுக்க வேண்டும். பி.எஃப். பணம் அவசியம் என்றால் எடுத்துக்கொள்ளட்டும், அது அவளுடைய பணம். பென்ஷன் பங்கை மட்டும் தொடாமல் இருக்க வழியிருக்கிறது: பத்து வருஷம் நிறையாதவர்கள் 10-சி படிவத்தில் பணத்துக்குப் பதிலாகத் திட்டச் சான்றிதழ் கேட்கலாம், அதைக் கையில் வைத்திருந்து மறுபடி வேலையில் சேர்ந்தால், பழைய வருஷங்களும் புதிய வருஷங்களோடு சேரும். என் தமக்கையாரைப் போல் வீட்டில் தைக்கிறவர்களுக்கு பி.எஃப். இல்லை, அவர்கள் மாநில சர்க்காரின் காலணி, தோல் பொருள் தொழிலாளர் நலவாரியத்தில் பதிந்துகொள்ளலாம். ஏஜெண்டு எழுதிக் கொடுக்காவிட்டாலும், வாங்கிய ஜோடியையும் கொடுத்த தேதியையும் ஒரு நோட்டில் தாங்களே குறித்துவர வேண்டும். தமக்கையாருக்கு அந்த நோட்டை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். எழுதுவது அவருடைய பேத்தி.